இறால் ஓடும் மீன் தோலும் மருந்தாவது எப்படி?

இன்சுலின் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவார்கள். அடியில் படிந்திருந்த வெள்ளை வண்டல் கலந்து, மருந்து நீர்மோர் மாதிரி கலங்கும். அதற்குப் பிறகுதான் ஊசியில் ஏற்றுவார்கள். எங்கள் அம்மாச்சி ஒவ்வொரு நாள் காலையிலும் இதைச் செய்வார். 30/70 என்று அட்டையில் எழுதியிருக்கும்; இரண்டு வகை இன்சுலின் கலந்திருக்கும் விகிதம் அது. அந்த மருந்து ஏன் கலங்கலாக இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: அந்த வெள்ளைக்குக் காரணம், சால்மன் மீனின் விந்துப்பையிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம்.

அதன் பெயர் புரோட்டமைன். பெண் மீனின் வயிற்றில் சினை இருக்கிற இடத்தில் ஆண் மீனுக்குப் பால் போல வெளுத்த விந்துப்பை இருக்கும். மீனைச் சுத்தம் செய்யும்போது குடலோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற பகுதி அது. அதிலிருந்துதான் இந்த மருந்துப்பொருள் வருகிறது.

மீன் கழிவிலிருந்து மருந்து என்றதும் பலருக்கு நாட்டு வைத்தியம் போலவோ, விளம்பரத்தில் வரும் சத்து மாவு போலவோ தோன்றும். ஆனால் இது மருத்துவமனைக்குள் தினமும் நடக்கிற விஷயம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரோட்டமைனிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். இது புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்கிற பொருளை 1869-ல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அவர். அப்போது அவர் பயன்படுத்தியது மருத்துவமனைக் கட்டுத்துணியில் இருந்த சீழை. பாசலுக்குத் திரும்பியதும் இன்னும் நல்ல மூலப்பொருள் கிடைத்தது. ரைன் ஆற்றில் அந்தக் காலத்தில் சால்மன் மீன் ஏராளம். ஆண் சால்மனின் விந்தணுவில் டிஎன்ஏ நிறைந்திருக்கிறது. பொருள் கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர்காலத்தில், சூடேற்றாத அறையில் வேலை செய்தார். அந்த ஆராய்ச்சியில் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு பொருளும் கிடைத்தது. 1874-ல் அதற்குப் புரோட்டமைன் என்று பெயர் வைத்தார்.

டிஎன்ஏ மிக நீளமான இழை. அதன் மேல் முழுக்க எதிர்மின்னேற்றம். ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படித் தள்ளிக்கொண்டே இருக்கும் இழையைத் துளியூண்டு விந்தணுவுக்குள் அடைக்க வேண்டும். அதற்கு நேர்மின்னேற்றம் உள்ள ஒரு கயிறு தேவை. அந்தக் கயிறுதான் புரோட்டமைன். புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்ற சிறு மணிகளைக் கோத்த மாலை; சால்மனின் புரோட்டமைன் வெறும் 32 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின் என்ற நேர்மின்னேற்ற அமினோ அமிலம். எதிர்மின்னேற்றம் உள்ள எதைப் பார்த்தாலும் போய்க் கட்டிக்கொள்ளும்.

டென்மார்க் மருத்துவர் ஹாகடோர்ன் 1936-ல் இந்தக் குணத்தைத்தான் பிடித்துக்கொண்டார். இன்சுலினோடு புரோட்டமைனைச் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு எளிதில் கரையாத துகள்களாகின்றன. தோலுக்கு அடியில் ஊசி போட்டபின் அவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். ஒரு நாளைக்குப் பல தடவை ஊசி போட வேண்டியிருந்த நோயாளிக்கு ஒன்றிரண்டு ஊசியே போதும் என்றானது. அந்தத் துகள்கள்தான் அம்மாச்சியின் குப்பியில் அடியில் படிந்திருந்த வண்டல்.

அடுத்தது இன்னும் பெரிய வேலை. இதயத்தைத் திறந்து அறுவை செய்யும்போது, உடலின் ரத்தத்தை வெளியே எடுத்து ஒரு இயந்திரம் வழியாக ஓட விடுவார்கள். குழாய்க்குள் போனதும் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஹெப்பாரின் என்ற மருந்தை முதலில் கொடுப்பார்கள். ஹெப்பாரினும் ஒரு கழிவிலிருந்து வருவதுதான். பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கிறார்கள். சரி, அறுவை முடிந்தது, இதயம் மறுபடி துடிக்கிறது. இப்போது ரத்தம் உறைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தைத்த இடமெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். ஹெப்பாரினை உடனே அடக்க வேண்டும். ஹெப்பாரின் கடுமையான எதிர்மின்னேற்றம் கொண்டது. புரோட்டமைன் நேர்மின்னேற்றம் கொண்டது. ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால் போதும், சில நிமிடங்களில் ஹெப்பாரினைக் கட்டிப்போட்டுவிடும். சுமார் 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம் என்பது கணக்கு. விந்தணுவுக்குள் டிஎன்ஏவைக் கட்டிய அதே கை, இங்கே ஹெப்பாரினைக் கட்டுகிறது.

ஒரு முக்கியமான செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், புரோட்டமைன் கலந்த இன்சுலினை நெடுநாள் போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த மருந்து சில சமயம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இதய அறுவை நடக்கப்போகிறது என்றால், மீன் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும் என்ற விவரம் இருந்தால், மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களே கேட்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வரலாம். மீனின் சதையை விட்டுவிட்டு ஏன் தோல், ஓடு, செதில், விந்துப்பை என்று தேடிப் போகிறார்கள்? சதை என்பது சாப்பிட எளிதான, எளிதில் சிதைகிற புரதம். நாம் தள்ளுகிற பகுதிகள் அப்படி இல்லை. இறால் ஓடு செரிக்காது, மீன் தோல் சவ்வு போல இழுபடும், எலும்பு கடிபடாது. எந்தக் குணத்துக்காக நாம் அதைத் தட்டிலிருந்து ஒதுக்குகிறோமோ அந்தக் குணம்தான் மருத்துவருக்கு வேண்டியிருக்கிறது: உறுதி, ஒட்டும் தன்மை, மின்னேற்றம், எளிதில் கரைந்துபோகாமை.

இறால் ஓட்டை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு கிலோ இறால் வாங்கி உரித்தவர்களுக்குத் தெரியும், சட்டியில் விழுவது எவ்வளவு, முறத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று. தலையும் ஓடும் மட்டும் எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை போய்விடும். உலகம் முழுவதும் இறால், நண்டு, சிங்கி இறால் ஓடுகளாக ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் கழிவு சேர்கிறது என்று 2015-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை மதிப்பிட்டது.

அந்த ஓட்டை ஒரு கான்கிரீட் தளம் போல நினைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி, அதைச் சுற்றி ஜல்லியும் சிமெண்டும். ஓட்டில் கம்பியின் வேலையைச் செய்வது கைட்டின் என்ற நார். ஜல்லி போலக் கெட்டிப்படுத்துவது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். இரண்டையும் பிணைத்திருப்பது புரதம். காய்ந்த ஓட்டில் கைட்டின் 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். இன்ன வகை இறால் என்பதைப் பொறுத்து அது மாறும்.

நமக்கு வேண்டியது கம்பி மட்டும். முதலில் ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும் இல்லையா, அதே மாதிரி நுரைத்துச் சுண்ணாம்பு கரைந்துவிடும். அப்புறம் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்க வைத்தால் புரதம் கழன்று போகும். கழுவி உலர்த்தினால் மெல்லிய செதில் செதிலாகக் கைட்டின் மிஞ்சும். சில சமயம் இளஞ்சிவப்பு நிறம் ஒட்டியிருக்கும். அது அஸ்டாசாந்தின் என்ற நிறமி. இறாலைச் சட்டியில் போட்டதும் சிவப்பது அதனால்தான்: அதுவரை புரதம் அதைப் பிடித்து வைத்து மறைத்திருக்கும், சூடு பட்டதும் விட்டுவிடும்.

கைட்டினை வைத்துக்கொண்டு நேராகப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரில் கரையாது, வினிகரிலும் கரையாது. ஆகவே இன்னொரு படி தேவை. 40, 50 சதவீதச் செறிவுள்ள காஸ்டிக் சோடாவில் போட்டுச் சூடாக்குகிறார்கள். கைட்டின் இழையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் அசிட்டைல் என்ற சிறு தொகுதிகளில் பெரும்பகுதி கழன்று விழும். மிஞ்சுவது கைட்டோசான். இது வினிகர் போன்ற லேசான அமிலத்தில் அழகாகக் கரையும். கரைந்த கரைசலை மெல்லிய ஏடாகவோ, பஞ்சாகவோ, நூலாகவோ, பசையாகவோ எப்படி வேண்டுமானாலும் ஆக்கலாம். முக்கியமாக, அமிலத்தில் அதற்கு நேர்மின்னேற்றம் வந்துவிடுகிறது.

நமது ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் இருப்பது எதிர்மின்னேற்றம். கைட்டோசான் பஞ்சை ரத்தம் பீறிடும் காயத்தில் வைத்து அழுத்தினால், சிவப்பணுக்கள் ஓடிவந்து அதில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று திரண்டு, கெட்டியான அடைப்பாகிவிடும். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், ரத்தம் இயல்பாக உறைவதற்கு உடலில் நடக்கும் நீண்ட சங்கிலி வினைகளை இது நம்பியிருக்கவில்லை. ஹெப்பாரின் கொடுக்கப்பட்ட ஆளுக்கும் இது அடைக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவான ஹெம்கான் என்ற கைட்டோசான் கட்டுக்கு அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2002-ல் அனுமதி கொடுத்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் படைவீரர்களின் கைப்பெட்டியில் அது இருந்தது. கை கால்களில் குண்டு பாய்ந்து ரத்தம் போய்க்கொண்டே இருப்பவரை மருத்துவமனை வரை உயிரோடு கொண்டுசேர்க்க வேண்டிய நேரத்தில், இறால் ஓட்டிலிருந்து வந்த ஒரு துண்டு அந்த வேலையைச் செய்தது.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் சதையிலுள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதம். நன்றாகச் சுத்திகரித்த கைட்டோசானில் அந்தப் புரதம் மிஞ்சியிருக்கக் கூடாது. 'நன்றாகச் சுத்திகரித்த' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். சாக்கடையில் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பயன்படும் கைட்டோசானும் காயத்தில் வைக்கும் கைட்டோசானும் ஒரே பெயர் கொண்டவை, ஒரே தரம் கொண்டவை அல்ல.

இந்த வேலையில் இந்தியாவுக்கும் நல்ல பங்கு உண்டு. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், இறால் ஓட்டிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் எடுக்கும் முறையை உருவாக்கித் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கொடுத்து வருகிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அமிலம், காஸ்டிக் சோடா, கழுவக் கழுவத் தண்ணீர் என்று இது எக்கச்சக்கமாக விழுங்கும் தொழில். கழிவைக் குறைக்கப் போய்க் கழிவுநீரைப் பெருக்கிய கதையாகிவிடக் கூடாது. அதனால் அமிலத்துக்குப் பதிலாக, தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களைக் கொண்டு ஓட்டைப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ச்சியாளர்கள் முயன்று வருகிறார்கள்.

அடுத்தது தோல். இங்கே எதையும் கரைத்து எடுக்க வேண்டியதில்லை. தோலையே அப்படியே பயன்படுத்துகிறார்கள்.

மீன் தலை போட்டு வைத்த குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் அல்வா போல இறுகியிருக்கும். தோலிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் கொதித்து ஜெலட்டினாக மாறி, குளிரில் உறைந்ததால் வந்தது அது. கொலாஜன் என்பது முறுக்கிய கயிறு போன்ற புரதம். நம் தோலுக்கு வலுக் கொடுப்பதும் அதுதான். மீன் தோலில் இருப்பதும் பெரும்பாலும் அதே முதல் வகைக் கொலாஜன்.

பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலம். அங்கே திலாப்பியா வளர்ப்பு பெரிய தொழில். நம்மூரில் ஜிலேபி கெண்டை என்று சொல்கிறோமே, அந்த மீன்தான். சதையை எடுத்தபின் தோலைப் பெரும்பாலும் எறிந்துவிடுவார்கள். அந்த மாநிலத் தலைநகர் ஃபோர்ட்டலேசாவில் பிளாஸ்டிக் சர்ஜன் எட்மார் மாசியலும் சியாரா மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அந்தத் தோலைத் தீக்காயத்துக்குப் போர்வையாக்கினார்கள். செதிலை நீக்கி, கிருமிநாசினியில் கழுவி, கிளிசராலில் பதப்படுத்தி, கடைசியில் கதிர்வீச்சு கொடுத்துக் கிருமியில்லாமல் ஆக்கிக் குளிரில் வைத்துக்கொள்கிறார்கள்.

தீக்காயத்தில் வலி எப்போது அதிகம் தெரியுமா? கட்டு மாற்றும்போது. களிம்பு தடவி, துணி சுற்றி, மறுநாள் அதைப் பிரிக்கும்போது புதிதாக முளைத்த தோலும் சேர்ந்து உரிந்து வரும். அந்த வார்டுகளின் அலறலைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திலாப்பியா தோல் ஈரப்பசையோடு காயத்தில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேறாது, வெளிக்கிருமி உள்ளே போகாது. மேலோட்டமான இரண்டாம் நிலைக் காயங்களில், அடியில் புதுத்தோல் வளரும்வரை பல நாள் அப்படியே விட்டுவிடலாம். நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் வலி குறைந்தது, கட்டு மாற்றும் தடவைகள் குறைந்தன என்றே முடிவு வந்தது.

2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது. பாதம் வெந்துபோன 2 கரடிகளையும் ஒரு மலைச்சிங்கக் குட்டியையும் காப்பாற்ற, கால்நடை மருத்துவர் ஜேமி பெய்ட்டன் இதே திலாப்பியா தோலைப் பாதத்தில் வைத்துத் தைத்தார். காட்டு விலங்கு கட்டைப் பிய்த்துத் தின்றுவிடும்; துணிக்கட்டு என்றால் குடலில் சிக்கும். மீன் தோலைத் தின்றால் ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு வசதி இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஐஸ்லாந்தில் இன்னொரு வழியில் போனார்கள். ஈசாஃப்யோர்தூர் என்ற சிறு மீன்பிடி ஊரில் தொடங்கிய கெரேசிஸ் நிறுவனம், காட் என்ற குளிர்கடல் மீனின் தோலிலிருந்து செல்களை மட்டும் நீக்கி, கொலாஜன் வலையை விட்டுவைக்கிறது. பன்றி, மாட்டுத் தோலைப் பயன்படுத்தும்போது மனிதருக்குத் தொற்றக்கூடிய வைரஸ் இருக்குமோ என்ற பயத்தில் கடுமையான ரசாயனங்களால் அலச வேண்டும். அதில் தோலின் நுண் அமைப்பு சிதையும். குளிர்கடல் மீனிலிருந்து அப்படித் தொற்றும் பயம் மிகக் குறைவு. எனவே மென்மையாகக் கழுவினால் போதும். தோலின் துளைகளும், ஒமேகா-3 கொழுப்பும் அப்படியே இருக்கும். ஆறாத புண்ணில் வைத்தால், நம் செல்கள் அந்தத் துளைகளுக்குள் ஊர்ந்து சென்று குடியேறும். கொஞ்ச நாளில் மீன் தோல் கரைந்து நம் திசுவே அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். 2013-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. சர்க்கரை நோயால் காலில் வரும் ஆறாப்புண்ணுக்கு முக்கியமாகப் பயன்படுகிறது. 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அதிகபட்சம் 130 கோடி டாலர் என்ற விலை பேசி அந்த நிறுவனத்தை வாங்கியது.

மீன் ஈரல் எண்ணெய் எல்லோருக்கும் தெரிந்தது. காட் மீனின் ஈரலில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது நிவாரணம் என்பதை 1919 வாக்கில் பிரிட்டன் மருத்துவர் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் சோதித்துக் காட்டினார். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் நான் நீட்டவில்லை.

ஆனால் கடைகளில் விற்கும் சில பொருட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னவற்றின் நல்ல பெயரில் இவையும் ஒட்டிக்கொள்கின்றன. கைட்டினை அமிலத்தில் முழுதாகச் சிதைத்தால் குளுக்கோசமைன் கிடைக்கும். மூட்டு வலிக்கு என்று மாத்திரையாக விற்கிறார்கள். அமெரிக்காவில் 1,583 மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால், வெற்று மாத்திரையைவிட அது பெரிதாக உதவவில்லை. மீன் கொலாஜன் பொடியைக் குடித்தால் அது வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் ஆகிவிடும். குடித்த கொலாஜன் அப்படியே போய் முகத்தில் உட்காராது. சுறாவின் குருத்தெலும்பு புற்றுநோயைத் தீர்க்கும் என்பது பொய். சுறாவுக்கும் புற்றுநோய் வரும். அந்த வியாபாரத்துக்காகச் சுறாக்கள் செத்ததுதான் மிச்சம்.

வித்தியாசம் எங்கே என்றால், கைட்டோசான் கட்டும் மீன் தோலும் காயத்தின் மேலேயே வேலை செய்கின்றன; புரோட்டமைன் ஊசி வழியாக நேரே உள்ளே போகிறது. எந்த மூலக்கூறு, எந்த இடத்தில், எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது என்று சொல்ல முடிகிறது. வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

சரி, இவ்வளவு நல்ல பொருள் நம் கடற்கரையில் மலை மலையாகக் கிடக்கிறதே, ஏன் எல்லாம் மருந்தாகவில்லை? மீன் செத்த நிமிடத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இறாலின் தலைக்குள் செரிமானச் சுரப்பி இருக்கிறது. இறந்ததும் அதன் நொதிகள் சுற்றியிருப்பதையே தின்னத் தொடங்கும். அதனால்தான் ஐஸ் போடாத இறாலுக்குத் தலை முதலில் கறுத்துத் தளரும். வெயிலில் குவித்து வைத்த ஓட்டில் பாக்டீரியா பெருகி, கைட்டின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டும். இழை நீளம் போனால் மருத்துவத் தரமும் போச்சு. அதன்பின் எந்த ஆலையாலும் அதை மீட்க முடியாது. கோழித்தீவனத்துக்கோ உரத்துக்கோதான் போகும்.

மீன் சந்தையில் வெட்டுகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். செதில், செவுள், குடல், தோல், ஐஸ் தண்ணீர், பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரே கூடையில் விழும். அந்தக் கூடையில் விழுந்த கணத்தில்தான் அது கழிவாகிறது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தலையைக்கூட வீணாக்காமல் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் தலை, தோல், ஈரல் எல்லாம் வெட்டும் மேசையிலேயே தனித்தனியாகப் பிரிந்து குளிருக்குள் போவது.

இறால் உரிக்கும் கூடங்களில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை விறைக்க நின்று வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உரித்த சதையின் எடைக்குத்தான் பொதுவாகக் கூலி. ஓட்டுக்குக் காசு இல்லை. அப்படியிருக்கும்போது ஓட்டைத் தனியாக, சுத்தமாக, ஐஸில் வை என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை. மருந்துத் தரத்தில் ஓடு வேண்டும் என்றால், தலைக்கு ஒரு தொட்டி, ஓட்டுக்கு ஒரு தொட்டி, இரண்டிலும் ஐஸ், பிரித்துப் போடும் கைக்கு ஓட்டின் எடைக்கும் சேர்த்துக் கூலி என்று அந்த மேசையிலிருந்தே தொடங்க வேண்டும்.